பாரமான பவர் சப்ளை

"பாரமான சாமான்தான் நல்ல சாமான், தங்கச்சி. கையில தூக்கிப் பாருங்களேன்," என்று கடைக்கார ஸாலிஹ் நானா கொம்பியூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை ஒன்றைச் செலீனிடம் நீட்டினார்.

தூக்கினாள். கை தாழ்ந்தது. அம்மிக்குழவி தோற்றது போங்கள்! பக்கத்தில் பெயர்பெற்ற கொம்பனியின் பவர் சப்ளையும் இருந்தது. அதன் விலைக்கு இப்படி மூன்று வாங்கலாம். கையிலிருந்த காசுக்கு அதை எடுத்தால், கேம் விளையாடத் தேவையான கார்ட்டில் மட்டமானதைத்தான் எடுக்க வேண்டும். புறக்கோட்டையில் அந்த மாடிக் கடையில் நின்றபடியே தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"கார்ட்டைக் குறைச்சிடாத அக்கா," என்றான் செபஸ்தியன். "அது இல்லாட்டி கேம் இழுத்து இழுத்து நிக்கும். பவர் சப்ளையைத் தூக்கிப் பார். பாரமெண்டால் உள்ளுக்கு நிறையச் சாமான் இருக்கு. அதையே எடு."

அக்காவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. நல்ல கார்ட், மலிவான பவர் சப்ளை. மலிவாய் வந்தது மடியைக் கடிக்கும் என்று யார் அப்போது நினைத்தார்கள்?

வாங்கப் போக வேண்டியவன் உண்மையில் செபஸ்தியன்தான். ஆனால் சண்டை நடந்துகொண்டிருந்த 2008ஆம் ஆண்டுக் கொழும்பில் இருபத்து நான்கு வயதுத் தமிழ்ப் பொடியன் தெருவில் இறங்குவது லேசான காரியமா? மன்னாரில் இருந்து வந்தவன். வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்குவதற்கு வேண்டிய பொலிஸ் பதிவு இல்லை. பதியப் போன அவனுடைய கூட்டாளி நாலு மாதமாகத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு இவனைப் பதியச் செலீன் விடவுமில்லை. கொட்டாஞ்சேனையில் அவளுடைய வீட்டு உள்ளறைக்குள் கிடந்து அவன் சுவரைப் பார்த்தே பைத்தியமாகிக்கொண்டிருந்தான். ஒரு கொம்பியூட்டர் இருந்தால் பிள்ளை புத்தி கலங்காமல் இருப்பான் என்று, துறைமுகக் கந்தோரில் கிளாக்காக வேலை செய்து சேர்த்ததை எடுத்துக்கொண்டு அவள் வந்திருந்தாள்.

ஸாலிஹ் நானா மதர்போர்ட்டில் புரொசசரைப் பூட்டிக் கேசிங்குக்குள் இறுக்கிக் கொடுத்தார். மற்றதெல்லாம் தம்பியே பூட்டுவான் என்று தனித்தனிப் பெட்டிகளில். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். செட்டியார் தெரு தாண்டியதும் இராணுவமும் பொலிஸும் நிற்கிற செக்பொயின்ற். ஆமிக்காரன் கையைக் காட்டினான்.

பொலிஸ்காரி ஒருத்தி பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குலுக்கினாள். பவர் சப்ளையைக் குலுக்கியபோது உள்ளே "கடக்" என்று ஏதோ உருண்டது. ஆட்டோ வந்த குலுக்கலில் கழன்றிருக்க வேண்டும்.

"மேக்க மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டார் அங்கே நின்ற பொலிஸ் சார்ஜன்ட். இது என்ன என்று கேட்கிறார். செலீனுக்கே தெரியாதே!

திருகாணிகளைக் கழற்றினார்கள். உள்ளே நாலைந்து வயர்கள், சின்னச் சின்னச் சாமான்கள், அவற்றுக்கு நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு கட்டி. ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்திக்கொண்டு பின்னால் போனான். ஆட்டோக்காரன் ஓடியே போய்விட்டான்.

டேப்பைக் கவனமாய் உரித்துப் பார்த்தார்கள். சீமெந்து! பாரம் காட்டுவதற்காக யாரோ ஒரு படுபாவி வைத்த வெறும் சீமெந்துக் கட்டி.

சீமெந்துதான் என்றாலும் சார்ஜன்டின் முகம் இளகவில்லை. "யாருக்கு இது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எனக்குத்தான் சேர். கேம் விளையாட."

"நீ? கேம்?" பொலிஸ்காரி சிரித்தாள். "யார் பூட்டுவது?"

"நான்தான்."

"அப்போ இங்கேயே பூட்டிக் காட்டு. தெரியாவிட்டால் தெரிந்த ஆளைப் போனில் கூப்பிடு."

தெரிந்த ஆளைக் கூப்பிடுவதா! கூப்பிட்டால் செபஸ்தியன் சேர்ட்டைக்கூட ஒழுங்காய்ப் போடாமல் ஓடி வருவான். வந்தால் அவனும் அந்தக் கூட்டாளி போன வழிதான். செலீன் போனை நிறுத்திப் பைக்குள் ஆழத் தள்ளிவிட்டுக் குந்தினாள்.

மாதாவே, என்ன சொன்னான்? மூன்று மாதமாகச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து இதைத்தானே அலட்டினான். "வாயை மூடிக்கொண்டு சாப்பிடடா" என்று எத்தனை தரம் பேசியிருப்பாள். ராமில் வெட்டு இருக்கிற பக்கத்தைப் பார், க்ளிக் என்று சத்தம் வரும்வரை அமத்து. க்ளிக். பெரிய வயர் பெரிய வாய்க்கு, சின்னது மூலைக்கு. கார்ட்டை நீளமான துளைக்குள் வை. எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு பீப். கார்ட் சரியாய் இருக்காவிட்டால் பீப் பீப்பென்று கத்திக்கொண்டே இருக்கும்.

பவர் சப்ளையின் மூடியைத் திரும்பப் பூட்டிக் காவல் கொட்டிலில் இருந்து மின்சாரம் எடுத்துக் கொடுத்தார்கள். பொத்தானை அமத்த விரலை நீட்டியபோதுதான் அவன் சொன்ன மற்றதும் ஞாபகம் வந்தது. "மட்டமான பவர் சப்ளை எண்டால் கார்ட்டுக்குத் தாங்காது அக்கா. டப்பெண்டு வெடிக்கும்."

விரலை இழுத்துக்கொண்டாள். வெடித்தால் பின்னால் துவக்கோடு நிற்கிறவன் கேள்வி கேட்பானா? சொல்லாமல் அமத்தினாலும் ஆபத்து, வெடிக்கும் என்று செக்பொயின்றில் வாயைத் திறந்து சொன்னாலும் ஆபத்து.

"சேர்," என்றாள். "இது மலிவுச் சாமான். சில நேரம் வெடிச் சத்தம் மாதிரி கேட்கும். தயவுசெய்து சுட வேண்டாம்."

சார்ஜன்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எல்லோரையும் மணல்மூட்டைக்குப் பின்னால் போகச் சொன்னார். "நீ அங்கேயே இருந்து அமத்து."

சிலுவை போட்டுக்கொண்டு அமத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காற்றாடி சுழன்றது. பீப். ஒன்றே ஒன்று. இரண்டாவது வந்துவிடுமோ என்று காத்திருந்தாள். வரவில்லை.

"எங்கே படித்தாய்?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"வீட்டில், சாப்பிடும்போது," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, வீட்டில் யார் என்று கேட்பாரோ என்று பதைத்துப்போனாள். அவர் பகிடியென்று நினைத்துச் சிரித்தார். சீமெந்துக் கட்டியை அவள் மடியில் போட்டு, "போ நங்கி," என்று தங்கச்சி முறை சொல்லி அனுப்பினார்.

வேறொரு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியபோது உள்ளிருந்து பாய்ந்து வந்தான் செபஸ்தியன். "எத்தினை தரம் போன் அடிச்சனான்! பாரமாப் பார்த்து எடுத்தனியோ?"

"ஓமடா, நல்ல பாரம்," என்று சீமெந்துக் கட்டியை அவன் கையில் வைத்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவன் கேசிங்கைத் திறந்து, ராமையும் கார்ட்டையும் தொட்டுப் பார்த்தான். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"விசரே உனக்கு? எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே அக்கா. நான் வந்திருப்பனே!"

"வந்திருப்பாய். அதுதான் அடிக்கேல்லை," என்று சொல்லிவிட்டு, அவ்வளவு நேரமும் அடக்கி வைத்த அழுகையை அழத் தொடங்கினாள் செலீன்.