கயிறு கட்டிய கால்கள்

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் வேளையில், நகரின் கடைக்கோடியில், கழிவு கலந்து கறுத்தோடும் ஆற்றின் கரையில், கல்லால் எழுந்து புகையால் மங்கி நிற்கும் அறுப்புக்கூடத்தின் வாயில்கள் திறக்கும். திறந்ததும், உள்ளே நிரையாய்ச் செலுத்தப்படும் எருதுகளின் கதறலும், தூணோடு மோதும் கொம்புகளின் ஓசையும், தீட்டுக்கல்லில் உரசும் கத்திகளின் கீறொலியும் ஒன்றாய்க் கலந்து, அடுத்துள்ள நெடுந்தெருவின் சாளரங்களை அதிரச் செய்யும். கற்றறிந்தோரே, நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் தெரு அது. அங்கு வாழ்வோர் உங்களினும் கொடியவர் அல்லர். கொடுமையை மறைக்கத் தெரியாதவர், அவ்வளவே.

அத்தெருவில் வெட்டுக்காரர் என்றால் ஒருவரையே குறிக்கும். பாறை பிளந்தாற்போல் அகன்ற தோளும், அடிமரம் போற்பருத்த கழுத்தும் உடைய அவர், மனைவி மக்களை ஓங்கிய கையின் நிழலிலேயே வாழவைத்தவர். ஒருநாள் கட்டறுத்த எருதொன்று சீறி வந்து, அவரைக் கல்தூணோடு சேர்த்து மோதி நசுக்கியது. ஓங்கிய கைகள் அப்படியே இருக்க, இடுப்புக்குக் கீழே உடல் அவருடையது அல்லாமற் போயிற்று. தண்டுவடம் அறுபடவில்லை, நசுங்கியே உள்ளது. காலையும் மாலையும் கால்களை மடக்கி நீட்டிப் பழக்கினால் மீளலாம், மீளாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். இப்படி இருபுறமும் சாயும் சொல்லை அத்தெரு நம்புவதில்லை, நானும் நம்புவதில்லை.

ஆயினும் மனைவி நம்பினாள். படுக்கைப்புண் வாராதபடி அவரைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதும், குழாய்வழி இறங்கும் சிறுநீரை அகற்றுவதும், மரக்கட்டை போற்கிடந்த கால்களைத் தோளிலேற்றி மடக்குவதும் அவளும் மகளும் மாறிமாறிச் செய்த பணி. அதற்குக் கூலியாக உணவுத்தட்டு அவர்கள்மேல் பறந்து வரும். வசைமொழி அதைத் தொடரும். தூக்கிப் புரட்டும் வலிய வேலை, தந்தையின் இடத்தில் கத்தி பிடித்த மூத்த மகனுடையது.

வாரங்கள் சில கழிய, அசையாத கால்கள் தாமாகவே உதைக்கத் தொடங்கின. தாய் மகிழ்ந்து தெருவெல்லாம் சொல்லிவர, மகன் மட்டும் முகம் சுளித்தான். அறுத்து உரித்த பின்னும் எருதின் தொடை வெடுக்கென்று துள்ளுவதை நாள்தோறும் கண்டவன் அவன். மறுவாரம், கால் கழுவக் குனிந்த தாயின் வாயில் அக்கால் இடியென விழுந்தது. பல் உடைந்து, கழுவிய நீர் செந்நீராயிற்று. மகன் அன்றே எருது கட்டும் கயிற்றைக் கொணர்ந்து, இரு கால்களையும் கட்டிலோடு இறுக்கினான். கால்களை மடக்கி நீட்டும் பழக்கமும் நின்றது.

பின்னொரு காலை, வலக்கால் விரலைத் தாமே அசைத்ததாகத் தந்தை சொன்னார். மகன் கயிற்றைத் தளர்த்தவில்லை.

"அறுத்த மாடு கூடத்தான் காலை அசைக்கும்பா. அதுக்காக அதை மேய்ச்சலுக்கா அனுப்பறோம்?"

"நான் மாடு இல்லடா, நாயே," என்றார் தந்தை. அதன்பின் அவர் அதைப்பற்றி வாய்திறக்கவில்லை. மூட்டுகளோ, மழைகண்ட கதவின் கீல்போல், நாளுக்குநாள் இறுகின. கயிறு நீடித்தால் அவை மடங்கவே மாட்டா என்று மகள் மட்டும் அஞ்சினாள்.

ஒரு நண்பகல், தையற்கூடத்திலிருந்து வந்த மகள், போர்வையை விலக்கியபோது அழுகல் நாற்றம் அறைந்தது. கயிறு இடக்கணுக்காலின் தசைக்குள் புதைந்திருந்தது. தோல் கறுத்து, சீழ் ஒழுகியது. உணர்வற்ற காலுக்குரியவர் ஏதும் அறியாமல் கிடந்தார். மகள் எலும்பு வெட்டும் கத்தியை எடுத்துவந்து இரு கயிறுகளையும் அறுத்தாள்.

அவ்வேளையே, குருதி தோய்ந்த மேலாடையோடு வேலையிலிருந்து திரும்பிய மகன், அறுந்த கயிற்றைக் கண்டதும் தங்கையை அறைந்தான். அவள் சுவரில் மோதி மீண்டு, கையிலிருந்த கத்தியை அவன் தொண்டையில் வைத்தாள்.

"இன்னொரு தடவை கட்டு பார்ப்போம், அண்ணா. நீ அறுக்கற மாதிரியே அறுப்பேன்."

இடையே புகுந்த தாயை அவன் தள்ள, அவள் விழ, கட்டிலிலிருந்து பறந்துவந்த நீர்க்குவளை அவன் புருவத்தைப் பிளந்தது. கண்ணை மறைத்து வழிந்த குருதியைத் துடைத்தபடியே, அடங்காத அவன் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, மீண்டும் கட்டத் தந்தையின் வலக்காலைப் பற்றினான்.

"கையை எடு," என்றார் தந்தை.

அவன் எடுக்கவில்லை. அப்போது அக்கால் அவன் மார்பில் ஊன்றியது. துள்ளவில்லை, வெட்டியிழுக்கவில்லை. நெடுநாள் துருவேறிய திருகு நடுங்கி நடுங்கிச் சுழல்வதுபோல், மிக மெல்ல, விடாமல், அவனைப் பின்னுக்குத் தள்ளியது. தந்தையின் நெற்றி நரம்பு புடைத்தது. அறுபட்ட எந்த விலங்கும் இப்படி மெதுவாய்த் தள்ளாது என்பதை அந்த அறையில் அவனைப்போல் அறிந்தவர் யாருமில்லை. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு தடவை செய்ங்கப்பா."

"நீ சொன்னா செய்ய நான் என்ன உன் வேலைக்காரனா?" என்றார் அவர், என்றவர், மீண்டும் தள்ளினார்.

அதன்பின் கால்களை மடக்கி நீட்டும் வேலையை மகன் எவருக்கும் விடவில்லை. சீழ்கொண்ட கணுக்காலையும் அவனே கழுவினான். மன்னிப்பென்று ஒரு சொல் அவன் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. கால் பழக்கும் வேளைகளில் இருவர் வசையும் தெருமுனைவரை எட்டும். புதிதாய் வந்தோர் கொலை நடக்கிறதென்று ஓடிவருவர். வெட்டுக்காரர் மீண்டும் கத்தி பிடிக்கவில்லை. இரு கோல்களை ஊன்றி, இடக்காலை இழுத்து, வாயில்வரை போய்வருவார். கற்றறிந்தோரே, இறப்போடு நாளும் பழகுவோர் அதன் விரைவையே எங்கும் எதிர்பார்ப்பர். உயிரின் மெத்தனம் அவர்க்குப் பிடிபடுவதில்லை. மீட்சி மலர்போல் மலரும் என்பாரையும் நம்பாதீர். அவ்வீட்டுக்கு அது வைதுகொண்டும், சீழ் வடிந்தும், ஒருகால் இழுத்தும் வந்தது. வந்தபின் அதை எப்படி வரவேற்பது என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை.