உப்புத் தேநீருக்கு ஒரு பொன்னாடை

1

“அந்தப் பொண்ணு தலையில துணி போட்டது நீங்கதானே மாமா?”

“மரியாதைக்குப் போட்டேன் லா, விக்கி! பொன்னாடை!”

“நிச்சயம் பண்ணின எனக்கு ஒரு கைக்குட்டை உண்டா? எங்கயோ மலையில இருக்கிறவளுக்குப் பொன்னாடையாம்!”

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகத்தான் கிடைத்தது. எங்கள் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகை. ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை, கேட்காமல் இருப்பதற்குத்தான் முயற்சி வேண்டும். அந்த முயற்சியை நான் எடுப்பதில்லை.

விக்னேஸ்வரி பக்கத்து வீட்டுப் பெண். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கிறாள். சுகுமாரன் அவள் மாமன் மகன். தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டுநர், கோயில் செயலாளர். தையில் இருவருக்கும் கல்யாணம்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “பனி மூடிய கிர்கிஸ்தான் மலைகளில் ஒரு தனிப் பயணி, விதியின்—”

அடித்துவிட்டேன். நான் மலையடிவாரத்து ஈப்போ நகரைத் தாண்டியதில்லை. போய் வந்தவன் சுகுமாரன். ஆற்றைக் கடக்கையில் குதிரை இவனை நடுவில் உதறிவிட்டுத் தனியாகக் கரையேறியதாம். (குதிரையின் தரப்பை விசாரிக்க வழியில்லை.)

கோயில் செயலாளரின் பயணப் பெட்டியில் பொன்னாடை தவிர என்ன இருக்கும்? எங்களிடம் மைக் பிடித்தவருக்கும் பொன்னாடை உண்டு, மைக்கைப் பழுதுபார்த்தவருக்கும் உண்டு. அந்தப் பழக்கத்தில் எல்லைக் காவலர், ரொட்டிக்கடைக்காரர், பேருந்து ஓட்டுநர் என்று வழியெல்லாம் போர்த்திக்கொண்டே போயிருக்கிறான். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வெள்ளைத் துணி.

மலைமேல் ஒரு மேய்ப்பர் கூடாரம். அந்த வீட்டுப் பெண் ஐகுல் பால் தேநீர் கொடுத்தாள், உப்புப் போட்டு.* தேயிலைக்காட்டில் பிறந்தவன் அதைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துவிட்டுப் பாராட்ட எழுந்தான். தோளுக்குத்தான் குறிவைத்தானாம். அவள் ஊற்றக் குனிந்திருந்ததால் துணி தலையில் விழுந்தது.

கூடாரத்தில் எல்லாரும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு ஆடு வெட்டினார்கள். இவன் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டுவிட்டுப் படத்தைக் கோயில் வாட்சாப் குழுவில் போட்டான். பெண்ணின் தலையில் வெள்ளைத் துணி போட்டால் மருமகளாக ஏற்றதாக அங்கே அர்த்தம் என்று தேடிக் கண்டுபிடித்தவள் விக்னேஸ்வரி.

* நானும் ஒருநாள் போட்டுக் குடித்தேன். மோசமில்லை. வெளியே சொல்லாதீர்கள்.

3

ஐகுலை எனக்கு எழுத வரவில்லை. படத்தில் துணிக்குக் கீழே மூக்கு மட்டும்தான் தெரிகிறது. மூக்கை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் ஓட்டுவது? சுகுமாரனையே கேட்டேன்.

“தம்பி, பொண்ணு அழகா?”

“டீயில உப்பு இருந்துச்சுக்கா. வேற ஞாபகம் இல்ல.”

“ஆடு?”

“ஆடு ஞாபகம் இருக்கு.”

இத்தனை நாடு சுற்றியவன் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. போர்த்தத்தான் போயிருக்கிறான். (இந்த இடத்தில் பயணம் பற்றி ஒரு தத்துவம் எழுதலாம். வேண்டாம், அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் உயர்ந்துவிட்டது.)

“நானே போயி அவகிட்ட கேக்குறேன். உங்களை மாப்பிள்ளைன்னு அவ சொல்லிட்டா, நிச்சய மோதிரத்தை அங்கயே கழட்டிக் குடுத்துட்டு வரேன்!”

“பாஸ்போர்ட்கூட இல்ல உனக்கு.”

“எடுத்தா வருது லா!”

4

முடிவு ஒன்று: பாதி வழியில் அவன் ஓடிவந்து, விமான நிலையத்தில் அவள் கையை— (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: திருவிழா, தேர், சமாதானம். (கோயில் கமிட்டிக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.)

நடந்தது இது. அவள் போனாள். அங்கிருந்து எனக்குச் செய்தி வந்தது: “ஐகுலுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுக்கா. வெளியூர்க்காரன், தெரியாம போட்டுட்டான்னு துணிய மடிச்சு வச்சிருந்தாங்க.”

“அப்பாடா! கிளம்பி வா,” என்று அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு படம் வந்தது. விக்னேஸ்வரி சிரிக்கிறாள். அதே வெள்ளைத் துணி, இப்போது அவள் தலையில். விரலில் மோதிரம் இல்லை. பக்கத்தில் ஐகுல் (மூக்கை வைத்துக் கண்டுகொண்டேன்); அவளுடைய இரண்டு கைகளும் தேநீர்க் கிண்ணத்தில். துணியின் ஓரத்தில் வேறொரு கை, மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கிறது. பெரிதாக்கியும் பார்த்தாயிற்று.

“ஐகுலுக்கு அண்ணன் தம்பி உண்டா?” என்று சுகுமாரனிடம் கேட்டேன்.

“கவனிக்கலக்கா.”

அந்தக் கை யாருடையது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் வேலை பலகைச் சுவரோடு முடிகிறது. கியா பார்ம் கடையை இப்போது விக்னேஸ்வரியின் அம்மா பார்த்துக்கொள்கிறார். சுகுமாரன் பக்கத்து ஊர் கோலா தெர்லாவின் தவமலரைக் கட்டிக்கொண்டு கம்போங் ராஜாவுக்குக் குடிபோய்விட்டான். கல்யாண மேடையில் அவன் பொன்னாடையை விரித்தபோது, முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.