பத்துக்கு நாலு

அன்றைக்கு முன்னறையில் இருந்தவர்கள்: லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், அவன் மனைவி, அவளுடைய தம்பி, மேஜைமேல் மல்லாந்து கிடந்த ஒரு விமானம். விமானத்தை ஆள்கணக்கில் சேர்ப்பது தப்பில்லை. அந்த வீட்டில் மற்ற மூன்று பேரைவிட அதற்குத்தான் அதிக இடம். சாப்பாட்டு மேஜை அதன் இறக்கைக்கே போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

பொம்மை விமானந்தான், ஆனால் ரேடியோ ரிமோட்டில் ஓடுகிற ரகமல்ல அது. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் ஒரு முனையில் விமானம், மறுமுனையில் கைப்பிடி. பிடித்தவன் வட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அதோடு கூடவே சுற்ற வேண்டும். கைப்பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். அவ்வளவுதான் மனிதனின் அதிகாரம். நிறுத்துகிற அதிகாரம் கிடையாது. டாங்கில் எரிபொருள் தீரும்வரை அது சுற்றும், பிடித்தவனும் சுற்றியாக வேண்டும்.

சாயங்காலம் மைதானத்தில் போட்டி, வானத்தில் வளையம் போட்டுக் காட்டினால் நடுவர் மார்க் போடுவார். லிஃப்ட்காரன் காலையிலிருந்து ப்ரொப்பெல்லர் பொறுக்கிக்கொண்டிருந்தான். தகரப் பெட்டியைக் கவிழ்த்து, மரத்தில் செய்தவற்றை ஒரு பக்கமும் நைலானை ஒரு பக்கமும் பரப்பியிருந்தான். ஒன்றை எடுப்பான், நடு ஓட்டையில் ஆணியைச் செருகி எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்ப்பான், கனத்த பக்கத்தை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுப்பான், பிறகு அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பான். எழுந்து ஜன்னல் வரைக்கும் போவான். வெளியே துணிக்கொடியில் சட்டைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்காருவான்.

"கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க மச்சான்" என்றான் தம்பி.

"அப்ப யோசிக்க விடலடா."

"இப்ப யார் புடிச்சு வச்சிருக்கா?" என்றாள் மனைவி, பொத்தான் தைத்துக்கொண்டே, நிமிராமல்.

தம்பிக்கு வீட்டில் அரைக்கிணறு என்று பெயர். எதையும் பாதிக் கிணறு மட்டும் தாண்டுகிறவன். படிப்பைப் பாதியில் விட்டான். பாட்டில் கம்பெனியில் இரவு ஷிஃப்டுக்குப் போய், ஒரு நாள் பாதி ஷிஃப்டில் எழுந்து வந்துவிட்டான். ஏன்டா என்று கேட்டால், "பாட்டில் வந்துகிட்டே இருந்துச்சு, நின்னபாடில்ல" என்பான். அதற்குமேல் அவனிடமிருந்து எதுவும் பெயராது. வேலையை விட்டும் ராத்திரித் தூக்கம் திரும்பவில்லை. பகலெல்லாம் உட்கார்ந்த இடத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டிருப்பான். இப்போதும் அந்த ஆட்டத்தில் மேஜைமேல் நைலான்கள் நடுங்கின.

"இதைப் போட்டுடலாம்" என்றான் லிஃப்ட்காரன் கடைசியில்.

அரைக்கிணறு வாங்கிப் பார்த்தான். முழங்கால் நின்றது. "பத்துக்கு நாலா? நாம எப்பவும் போடறது பத்துக்கு ஆறு."

முதல் எண் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ள நீளம், அங்குலத்தில். இரண்டாவது, மரத்தில் திருகாணி இறங்குகிறமாதிரி ஒரு சுற்றுக்கு அது காற்றில் எவ்வளவு முன்னேறும் என்பது. ஆறைப் போட்டால் இன்ஜின் கொஞ்சம் திணறும், ஆனால் விமானம் விறுவிறுவென்று சுற்றும். நாலைப் போட்டால் இன்ஜின் கத்தும், விமானம் நிதானமாகப் போகும்.

"இது மாட்டுவண்டி மச்சான். ரெண்டு சுத்து போறதுக்குள்ள நடுவர் தூங்கிடுவாரு."

"நிதானமா போனா வளையமெல்லாம் சுத்தமா வரும்."

"காத்தடிச்சா?"

"அடிக்காது."

அரைக்கிணறு ஜன்னல் பக்கம் பார்த்தான். சட்டைகளின் கைகள் மேலே எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தன. லிஃப்ட்காரன் நாலை மாட்டி நட்டை முறுக்கினான்.

காரணம் வேறு. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், பழைய அலுவலகக் கட்டடமொன்றில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கப்பிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தபோது, நான்கு பக்கச் சுவரும் மெல்ல நகர ஆரம்பித்தன. பெட்டி நகர்கிறது என்று நினைத்துக் கத்திவிட்டான். கீழே இருந்தவன் ஸ்விட்ச் அணைத்துத்தான் இருக்கிறது என்றான். அதற்கப்புறம் அந்தத் தலைச்சுற்றல் வரும், போகும். படுக்கையில் புரண்டால் வரும். குனிந்து நிமிர்ந்தால் வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் விடமாட்டார்கள். கீழே உட்கார்ந்து, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் போனை எடுத்து, பயப்படாதீங்க ஆள் வந்துகிட்டிருக்கு என்று சொல்லும் வேலையைக் கொடுப்பார்கள். ஆள் போகிற வேலை அவனுடையது. ஆள் வருகிறது என்று சொல்கிற வேலையை அவனால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. கைப்பிடியும் அப்படித்தான். ஒரு நாள் அதை வேறொருவனிடம் கொடுத்தால் ஏன் என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி வீட்டில் ஆரம்பித்து ஆபீஸ்வரை நடந்தே போகும். ஆகவே விமானத்தை மெதுவாகச் சுற்றவிடும் ப்ரொப்பெல்லர். மெதுவாகச் சுற்றினால் தலை தாங்கும் என்று கணக்கு.

மைதானத்தில் வட்டத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் கம்பிவலை போட்டு ஒரு கதவு வைத்திருந்தார்கள். முன்பு யாரோ செல்போனில் பேசிக்கொண்டே வட்டத்துக்குள் நடந்து போய்விட்டாராம். அதிலிருந்து, இன்ஜின் ஓடும்போது காவலாளி வெளியே பூட்டிவிடுவான். போட்டிக்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க எல்லோருக்கும் அனுமதி உண்டு.

விமானத்தைப் பிடித்து விடுவது எப்போதும் மனைவிதான். இன்ஜின் பற்றிக்கொண்டது. இறக்கைக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்து மண்டியிட்டிருந்தவள் முகத்தைச் சுளித்தாள். எத்தனையோ தடவை பிடித்த கை. இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்பதை அவள் தோள்பட்டை சொல்லும்.

"சத்தந்தான் இருக்கு" என்று கத்தினாள். "இழுவையே இல்லைங்க."

நடுவில் நின்றவன் கையை மட்டும் அசைத்தான். விமானத்தை விட்டுவிட்டு வலைக்குள்ளேயே ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள்.

முதல் சில சுற்று அவன் கணக்குப்படியே போயிற்று. பிறகு காற்று எழுந்தது. மெதுவாகப் போகும் விமானம், காற்று வருகிற பக்கத்துக்கு வரும்போதெல்லாம் உள்ளே தள்ளப்படும். கம்பி தொய்யும். தொய்ந்த கம்பியில் கைப்பிடியை எப்படிச் சாய்த்தாலும் ஒன்றும் நடக்காது. அப்போது பிடித்தவன் சட்டென்று பின்னால் நாலடி ஓடிக் கம்பியை விறைப்பாக்க வேண்டும். இதையெல்லாம் அரைக்கிணறுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். தலைக்காகக் கணக்குப் போட்டவன் காற்றுக்குக் கணக்குப் போடவில்லை.

கம்பி தொய்ந்தது. அவன் பின்னால் ஓடினான். இரண்டாவது அடியிலேயே தரை சாய்ந்தது. வலை, மனிதர்கள், வானம் எல்லாம் ஒரு பக்கமாக வழிந்தன. முழங்காலில் விழுந்தான். விமானம் தள்ளாடி அவன் பக்கம் வந்து, காற்று மாறிய இடத்தில் மறுபடி வெளியே போய்க் கம்பியைச் சுண்டியது. கண்ணைத் திறந்தால் வாந்தி வரும்போலிருந்தது. மூடிக்கொண்டான். கம்பி இழுக்கிற பக்கம் முழங்காலிலேயே திரும்பினான். எந்தப் பக்கம் என்று கை சொன்னது. எவ்வளவு உயரம் என்று கைக்குத் தெரியாது.

"தூக்குங்க" என்றது ஒரு குரல் வலைக்கு வெளியிலிருந்து. "போதும். அப்படியே வைங்க. காத்துப் பக்கம் வருது, இழுத்துப் பிடிங்க. லேசா இறக்குங்க. லேசாதான் சொன்னேன்."

அரைக்கிணறு வலையைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல், அடுத்த அறையில் இருப்பவனிடம் உப்பு எங்கே என்று சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். சுற்றுக்குச் சுற்று அதே வார்த்தைகள். தூக்குங்க, போதும், இறக்குங்க. எரிபொருள் தீரும் வழியாக இல்லை. அவனும் நிறுத்தவில்லை. கடைசியில் இன்ஜின் விக்கி அடங்கியபோது, "இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க, தானா வரும்" என்றான். விமானம் புல்லில் இறங்கி மூக்குக் குத்திக் கவிழ்ந்தது. பத்துக்கு நாலு நடுவில் முறிந்தது.

காவலாளி கதவைத் திறந்தான். வலையோரத்திலிருந்து அக்காவும், கதவு வழியாகத் தம்பியும் ஓடி வந்தார்கள். லிஃப்ட்காரன் புல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் செய்துகொண்டிருந்தான். கயிறு அவிழ்ந்திருக்கவே இல்லை.

"எத்தன நாளா?" என்றாள்.

"என்னது?"

"நான் என்ன கேக்கறேன்னு உங்களுக்குத் தெரியும்."

அவன் கயிற்றைப் பார்த்தான். "மழைக்கு முன்னாடியிருந்து."

"அதோட ஷாஃப்டுக்குள்ள நின்னுட்டு வர்றீங்க. தினமும்."

அவள் விமானத்தை மடியில் எடுத்து வைத்து, ஒட்டியிருந்த புல்லைப் பிய்க்க ஆரம்பித்தாள். விரல்களில் கோபம் இருந்தது.

ஒலிபெருக்கியில் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அரைக்கிணறு தகரப் பெட்டியைத் திறந்து முன்னால் நீட்டினான். "சொல்லிடலாம் மச்சான், இன்னைக்கு வேணாம்னு. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

லிஃப்ட்காரன் பெட்டிக்குள் கைவிட்டான். காலையில் அவ்வளவு நேரம் பிடித்த வேலை இப்போது நொடியில் முடிந்தது. பத்துக்கு ஆறு. ஆணியில் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. மனைவியின் மடியிலேயே வைத்து மாட்டி, நட்டை முறுக்கி, விரலால் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"வேகமா போகும்" என்றான். "காத்து ஒண்ணும் பண்ணாது. நீ பிடி."

அரைக்கிணறு கைப்பிடியைப் பார்த்தான், வாங்கவில்லை. "நான் பாதில விட்டுட்டா?"

"விட முடியாது. இதுல இருக்கற ஒரே வசதி அதான்."

"வசதியா மச்சான் இது?"

"பிடிடா."

அவன் பிடித்தான். கைப்பிடியின் காப்புக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வட்டத்தின் நடுவுக்கு நடந்தான். கம்பிகள் புல்லில் பளபளத்தபடி பின்னாலேயே ஊர்ந்து போயின. மனைவி விமானத்தைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு நானும் வர்றேன்" என்றாள் போகிறபோது. விமானத்திடம் சொல்வதுபோல்தான் இருந்தது.

லிஃப்ட்காரன் வலையின் ஓரம் தொட்டுத் தொட்டு நடந்தான். தரை இன்னும் முழுதாக நிமிரவில்லை. ஒவ்வொரு அடியையும் இருட்டில் படி இறங்குகிறவன்போல் வைத்தான். பின்னால் இன்ஜின் ஒரு தடவை இருமியது, இரண்டாம் தடவை பற்றிக்கொண்டது. புதிய சத்தம், கனமானது, திணறியபடி. அவள் தோளை அது இழுப்பதைப் பார்க்காமலே அவனால் உணர முடிந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து துடித்தது. திரும்பினால் தலை சுற்றும். நேராகப் பார்த்தபடியே கதவைத் தாண்டினான். காவலாளி அவன் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.