ரப்பர் மாடி

மழை இறங்கினால் கர்ணன் செய்கிற முதல் வேலை, தன் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது. அடுத்தது, கட்டிலை நகர்த்தி, அந்த இடத்தில் பித்தளை அண்டாவை வைத்து, அதற்குள் பழைய வேட்டியை மடித்துப் போடுவது. துணி கிடந்தால் சொட்டு விழுகிற சத்தம் வெளியே கேட்காது. கூடத்தில் மாமனார் சீனிச்சாமி சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, வந்தவர் போனவரிடமெல்லாம் மாடியின் பெருமையை அளந்துகொண்டிருப்பார்.

சின்னமனூர் கடைவீதியில் இரும்புச்சாமான் கடை வைத்திருக்கும் சீனிச்சாமிக்கு ராஜாத்தி ஒரே மகள். கர்ணன் வீட்டோடு மாப்பிள்ளை. மரியாதைக்கு ஒரு குறைவுமில்லை; பந்தியில் முதல் இலை அவனுக்குத்தான். ஆனால் என்ன குழம்பு வைக்கலாம் என்று அவனை யாரும் கேட்டதில்லை. கல்லாவில் அவன் உட்கார்ந்தால் மாமனார் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கல்யாணமான நாளிலிருந்து இப்படியே போனதில், அவனுக்கு மூச்சுவிடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும் போலிருந்தது.

ஒழுகுகிற மொட்டை மாடிக்கு ரப்பர் ஷீட் ஒட்டலாம் என்ற யோசனை அவனுடையது. சுண்ணாம்பும் கடுக்காயும் அரைத்துப் பூசியும் நிற்காத ஒழுக்கு அது. குமுளி வழியாக லாரியில் கறுப்புச் சுருள்கள் வந்து இறங்கின. அன்று மாமனார் தெருவே கேட்கச் சொன்னார்.

"ஐப்பசி கார்த்திகை தாண்டட்டும் மாப்ள. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விழலைன்னா கம்பத்துல புதுக்கடை, சாவி உங்க கையில. குடும்பத்தோட அங்கனயே இருந்துக்கங்க."

அன்றைக்கே ராஜாத்தி தனிக்குடித்தனத்துக்கென்று ட்ரங்குப் பெட்டியில் பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பசையைத் தடவினால் அது விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் ஷீட்டின்மேல் ஷீட்டை அழுத்த வேண்டும். கடைசி இணைப்பின்போது மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகுகாலம் பொறக்கப் போகுது. ஈரமா இருந்தா என்ன, அமுக்கி விடுங்க." அவர் பேச்சை மறுத்துப் பழகாத கை அமுக்கிவிட்டது. அந்த இணைப்பு அமைந்த இடம் அவன் கட்டிலுக்கு நேர் மேலே.

வீட்டில் வேறெங்கும் பொட்டு ஈரமில்லை. மகளும் மருமகனும் படுக்கிற அறைக்குள் சீனிச்சாமி கால் வைக்க மாட்டார். அந்த மட்டில் அவர் கௌரவமான மனிதர். அதனால்தான் ரகசியம் தங்கியது. வெயில் முகம் காட்டுகிற நாளில் பிரித்து ஒட்டிவிடலாமென்றால், அன்றைக்கென்று நாலு பேரை மாடிக்குக் கூட்டிவந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி நடக்கவிட்டுக்கொண்டிருப்பார்.

"அப்பாகிட்ட சொல்லிருங்களேன்," என்றாள் ராஜாத்தி ஒருநாள். "அவுக அவசரப்படுத்துனதுதான?"

"சொன்னா கம்பம் போயிரும்."

அவள் அண்டாத் தண்ணீரை, துவைக்கிற துணியால் மூடிப் புழக்கடைக்குத் தூக்கிப்போனாள்.

கார்த்திகை முடிகிற ஒரு சாயங்காலம் சீனிச்சாமி மருமகனைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"சொன்னபடி செஞ்சு காட்டிட்டீக மாப்ள. ஒரு சொட்டு விழலை. கம்பத்துக் கடைய என் தங்கச்சி மகன் வீரபாண்டிகிட்ட விட்டுருவோம்னு இருக்கேன். இந்த மாடியோட நெளிவு சுளிவு உங்களுக்குத்தான தெரியும்? உங்கள அனுப்பிட்டு, நான் யார நம்பி இதுக்குக் கீழ உக்கார்றது?"

கர்ணன் வாயைத் திறந்தான். "சரி மாமா" என்றுதான் வந்தது.

வெளியே தூறல் வலுத்தது. அறைக்குள் போய்ப் பழக்கத்தில் தாழ்ப்பாளைப் போட்டான். ராஜாத்தி அண்டாவை வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவளும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சொட்டுகள் சத்தமில்லாமல் வேட்டியில் விழுந்துகொண்டிருந்தன.

கர்ணன் கையை விட்டு வேட்டியை வெளியே எடுத்தான். அடுத்த சொட்டு பித்தளையில் டங்கென்று விழுந்தது.

ராஜாத்தி எழுந்தாள். துணியைத் திரும்பப் போடத்தான் வருகிறாள் என்று நினைத்தான். அவள் அவனைத் தாண்டிப் போய், தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தாள்.

இன்னொரு சொட்டு விழுந்தது. கூடத்தில் சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது.