ஞானசம்பந்தன் வீட்டில் பாதியாகச் சொல்லப்பட்ட கத்தரிக்கோல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கரு தரித்தது, கற்பனை ஊற்றெடுத்தது என்றெல்லாம் மற்ற எழுத்தாளர்கள் சொல்வார்கள்; எனக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. இந்த வருடம் ஆனி மாதம் ஒரு காலை, தாமிரபரணியின் குறுக்குத்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் நண்பர் ஞானசம்பந்தன் ஒரு வார்த்தை சொன்னார். ஈரத்துண்டை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். பழகிய மனிதராயிற்றே என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

அவர் சொன்னது: "கத்திரிக்கோல் வந்தாச்சு வே. இனி என்ன பயம்?"

2

முதல் தொடக்கம்: 'தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. கரையில் மருதமரங்கள்...' (வேண்டாம். ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் ஞானசம்பந்தன் தப்பித்துவிடுவார்.)

இரண்டாம் தொடக்கம்: 'உயிர் என்பது எழுத்துகளால் ஆன ஒரு...' (இதுவும் வேண்டாம். ஞானசம்பந்தனும் தன் கல்லூரிப் பேச்சை இப்படித்தான் ஆரம்பித்தார்.)

நேராகவே சொல்கிறேன். ஞானசம்பந்தன் டவுனில் எங்கள் தெருக்காரர். கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். இரண்டு பெண்கள். இளையவள் காந்திமதிக்குத் தலசீமியா. உடம்பில் ரத்தம் ஒழுங்காக ஊறாது. மாதாமாதம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் பிழைத்துக் கிடக்கிறாள். வயது பதினாறு, பார்த்தால் பத்து என்பீர்கள். மூத்தவள் விஜயஸ்ரீ எம்.எஸ்சி. முடித்தவள். அவளைத் தாய்மாமன் அருணாசலத்துக்கே கொடுப்பதாகப் பேச்சு.

இந்த நோய் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார், பிழையைச் சுமப்பார், அவ்வளவுதான். விஜயஸ்ரீ சுமக்கிறாள், மதுரைக்கு ரத்தம் அனுப்பிப் பார்த்தாயிற்று. அவள் அம்மா உலகம்மாளும் சுமக்கிறாள். ஆகவே உலகம்மாளின் தம்பி அருணாசலமும் சுமக்கலாம், சுமக்காமலும் இருக்கலாம். சுமந்தால், அவர்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் காந்திமதியைப் போல ஆக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அருணாசலத்துக்கு ஓர் ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும்.

அந்த ஊசியை யாரும் குத்தவில்லை.

3

சார்வாள் (எங்கள் பக்கம் வாத்தியார்களை இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்ன கத்தரிக்கோல் பொய்யில்லை. போன வருடம், தொண்ணூற்றாறில், அமெரிக்காவில் அப்படி ஒரு புரதத்தைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு பாகம். ஒரு பாகத்துக்கு விரல்கள் உண்டு. ஒவ்வொரு விரலும் ஒரு துத்தநாக அணுவைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.வில் மூன்று எழுத்துகளைத் தடவி அடையாளம் காணும். விரல்களை மாற்றிக் கோத்தால் வேறு எழுத்துகளைத் தேடும். இன்னொரு பாகம், ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த வெட்டும் நொதி. இரண்டையும் ஒட்டினால், நாம் சொன்ன இடத்தில் வெட்டும். படித்தபோது எனக்கே புல்லரித்தது. மனிதன் லேசுப்பட்டவன் இல்லை.

ஆனால் வெட்டியது எங்கே? ஆய்வுக்குழாயில். உடம்புக்குள் இல்லை. அப்படியே உடம்பில் வெட்டினாலும் பிழை திருந்திவிடாது. வெட்டுப்பட்ட இடத்தை உயிரணுதான் ஒட்ட வேண்டும். நாம் கொடுக்கும் சரியான பிரதியைப் பார்த்து ஒட்ட வேண்டும். பார்க்காமல் அவசரத்தில் தப்பாகவும் ஒட்டும். புரதம் இடம் மாறி வேறெங்காவது வெட்டிவிட்டால் அது வேறு வம்பு.*

* இதெல்லாம் எனக்கு யார் சொன்னது? சார்வாளேதான். கல்லூரி அறிவியல் மன்றத்தில் அவர் பேசியபோது நான் முன்வரிசையில் இருந்தேன். மன்றத்தில் முழுசாகச் சொன்னவர், வீட்டில் பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

4

உலகம்மாளை வில்லியாக எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பரிசோதனை பற்றி விஜயஸ்ரீ கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஏட்டி, எந்தம்பி ரத்தத்தையா சந்தேகப்படுதே?"

"எனக்கு இருக்குன்னு சொன்னப்ப உனக்குக் கோவம் வரலையேம்மா."

"அப்பாதான் சொல்லுதாவல்லா, மருந்து வந்துரும்னு."

"வந்தா நல்லதுதான். வராட்டி? மாசாமாசம் பிள்ளையத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு யாரும்மா அலையுதது?"

உலகம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். இத்தனை வருடமாக அலைவது அவள்தான். அவளை எப்படி நான் வில்லியாக்குவேன்?

என் கோபமெல்லாம் சார்வாள் மேல். ஆற்றில் நின்றபடியே அவரைக் கேட்டிருந்தேன்.

"குழாயிலதானே வெட்டியிருக்கு, சார்வாள்?"

"இன்னைக்குக் குழாய், நாளைக்கு உடம்பு. அவ பிள்ளை பெறுததுக்குள்ள வந்துரும்."

"வராட்டி?"

"நீரு கதை எழுதுத ஆளு. உமக்கு எல்லாத்துலயும் ஒரு சோகம் வேணும் வே."

எனக்குச் சோகம் வேண்டாம் ஐயா, சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். தெரியாதவர் செய்தால் அறியாமை. தெரிந்த மனிதர் இப்படிச் செய்தால் அதற்குப் பெயர்... (இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் நட்பும் முடிந்துவிடும்.)

5

நிச்சயதார்த்தத்துக்கு முந்தியே மூன்று முடிவுகளை எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: பரிசோதிக்கிறார்கள், அருணாசலத்துக்குப் பிழை இல்லை, மேளம் கொட்டுகிறது. ("பாத்தீரா, வீண் பயம்" என்பார் சார்வாள். அந்தத் திருப்தியை அவருக்குத் தர எனக்கு மனசில்லை.)

இரண்டு: பிழை இருக்கிறது, சம்பந்தம் நிற்கிறது. (அருணாசலத்துக்கு அடுத்த முகூர்த்தத்திலேயே வேறு பெண் கிடைத்துவிடும். 'ரத்தத்தில் குறை' என்ற பட்டம் விஜயஸ்ரீக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.)

மூன்று: கத்தரிக்கோல் உண்மையிலேயே வந்துவிடுகி... (போதும். நானும் வீட்டுக்கு ஒன்று, மன்றத்துக்கு ஒன்றா?)

6

ஆவணியில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு சிக்கல். உலகம்மாள் பெண்ணுக்குத் தாய். மாப்பிள்ளைக்கோ தாய் ஸ்தானத்தில் இருக்கும் அக்கா. தட்டைக் கொடுக்கிற பக்கம் உட்காருவதா, வாங்குகிற பக்கமா? கூடத்தில் பெரியவர்கள் காரசாரமாக விவாதித்தார்கள். காபி இரண்டு சுற்று வந்தது. ஒரு தாம்பாளத்துக்கு இவ்வளவு யோசிக்கத் தெரிந்த குடும்பம், பிறக்கப்போகும் பிள்ளைக்காக ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது விஜயஸ்ரீ எழுந்தாள்.

"மாமா, நாளைக்குக் காலைல என்கூட பாளையங்கோட்டைக்கு வாங்க. ஒரு ஊசிதான். அது தெரியுத வரைக்கும் தட்டு மாத்த வேண்டாம்."

சார்வாள் பதறி எழுந்தார். "ஏட்டி, சபையில என்ன பேச்சு இது? அதான் கத்திரிக்கோல் வருதுன்னு..."

"சரிப்பா. அதை நம்ம காந்திக்கு எப்பக் கொண்டு வரப் போறீங்க?"

தூணோரம் உட்கார்ந்திருந்த காந்திமதி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு அது உண்மையான கேள்வி. சார்வாள் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் அருணாசலத்தின் பக்கம் திரும்பினோம். அவர் கை, பட்டுச் சட்டையின் முழுக்கைப் பொத்தானுக்குப் போனது.

ஊசிக்குத் தயார் என்று கழற்றினாரா, சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாரா? எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். சொன்னால் அருணாசலத்தை மெச்சியோ திட்டியோ விட்டு நீங்கள் கையலம்பப் போய்விடுவீர்கள். உங்கள் வீட்டிலும் மாமனுக்கென்று ஓர் உரிமைப்பெண் இருக்கிறாள், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டு மாப்பிள்ளை சட்டைக்கையை மடக்குவாரா? அதை நீங்கள் எழுதுங்கள். காந்திமதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுங்கள்.