வலைக்கண்ணாடி

…கழுத்தா, வயிறா, கழுத்தென்றால் சீக்கிரம் முடிந்துவிடும், முருகா, என்ன நினைப்பு இது, நான் வந்தது கண்ணாடி வாங்க… சாணை பிடித்த அரிவாள் பைக்குள் மாயக்காளின் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. போடிக் கடைவீதியின் இந்த இரும்புக்கடையில் கங்காணி சீனிச்சாமி தன் பக்கத்திலேயே வந்து நிற்பான் என்று யார் கண்டது. ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்க அவன் கொடுத்த கம்பிவலைக் கண்ணாடி வழியாகத்தான் அவள் புருசன் அழகுமலையின் வலது கண்ணில் மருந்து பாய்ந்தது, மண்ணில் புரண்டு, “கண்ணப் பிடுங்கிப் போடுடீ” என்று கதறியவனைக் கையைக் கட்டித்தான் ஜீப்பில் ஏற்றினார்கள்… கல் சில்லுக்குத்தான் வலை, மருந்துக்கு ரப்பர் வைத்து மூடிய கண்ணாடி என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபோது கண் போயிருந்தது. மிச்சமிருக்கும் ஒரு கண்ணோடு அவன் நாளை ரோட்டுக்குக் கல் உடைக்கப் போகிறான், அவனுக்குத்தான் இவள் வலை வாங்கிக் கையில் வைத்திருக்கிறாள்.

“என்ன மாயக்கா, ஒத்தக் கண்ணுல மாப்ள ஒன்னய இன்னும் அழகாத்தான் பாப்பாரு,” என்று சிரித்த சீனிச்சாமி, கடைக்காரரிடம் திரும்பி, “அண்ணே, மருந்தடிக்க வலை பன்னெண்டு கொண்டா,” என்றான். பன்னிரண்டு பேரா, பன்னிரண்டு பேரும் மண்ணில் புரள வேண்டுமா, கை பைக்குள் போய்ப் பிடியைப் பற்றிவிட்டது, வெட்டு, வெட்டு… வெட்டினால் மட்டும் வலை மலைத்தோட்டத்துக்குப் போகாதா, நாளைக்கு வேறொருவன் வந்து இதையேதான் வாங்குவான்… கை அரிவாளை விட்டுக் கடைத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தது. மறுகையிலிருந்த வலையைச் சீனிச்சாமியிடம் நீட்டினாள். “அண்ணே, இதக் கொஞ்சம் மாட்டுங்க.” விளையாட்டென்று நினைத்து மாட்டிக்கொண்டவன் முகத்தில் தண்ணீரை முழுப் பலத்தோடு வீசினாள்.

“அடியே!” என்று ஓங்கிய கை அப்படியே நின்றது. வலையைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினான். “தண்ணிங்கவும் நிக்கிறீங்க, மருந்தா இருந்தா?” என்றாள், முந்தானையை அவனிடம் நீட்டியது தன் கைதானா என்று அவளுக்கே தெரியவில்லை. “மூடுன கண்ணாடிதான் ஆத்தா மொதல்ல கொண்டு போனேன்,” என்றான் சீனிச்சாமி. “ மலைப் பனியில மங்குது, ஒண்ணும் தெரியலன்னு கழட்டி எறிஞ்சாய்ங்க. வலையே கொண்டான்னு மொதல்ல கேட்டதே ஒன் வீட்டுக்காரந்தான்… வலையக் கழட்டினப்பத்தான் பட்டுச்சுன்னு நெனச்சேன், மருந்து உள்ள போகும்னு எனக்குத் தோணலயே.”

வலைக்குப் பதில் ரப்பர்க் கண்ணாடி பன்னிரண்டு கட்டச் சொன்னான் சீனிச்சாமி. “மங்குனா தொடைக்க ஆளுக்கொரு துணி குடுங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினாள்… இரண்டு மாதமாகச் சீனிச்சாமி பேரைச் சொல்லிப் பல்லைக் கடிக்கிறவன், அவனை வெட்டாமல் விட மாட்டேன் என்கிற அழகுமலை, வலை கேட்டது தானென்று ஒரு நாளும் சொன்னதில்லையே, சொல்ல முடியாமல்தான் கடித்தானா… காலையில் இந்த வலையை அவன் முகத்தில் கட்டிவிட வேண்டும், அப்போது அந்த ஒற்றைக் கண் தன்னை நேராகப் பார்க்குமா…