இடப்பக்கம் இழுக்கும் வேன்

"நான் வரப் பிந்திட்டா வண்டிய நிப்பாட்டி வைப்பியாடி, இல்ல விட்டுட்டுப் போயிருவியா?"

பத்திரகாளி ஒரு நாள் இப்படிக் கேட்டதற்கு, "ஒம் புருசன் ஓட்டுற வண்டி, நான் யாரு நிப்பாட்ட?" என்று ஞானசுந்தரி சிரித்தாள். இப்போது அந்தக் கேள்வியை நினைத்தாலே அவளுக்குப் பிடரி சிலிர்த்தது.

பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் அது. சோலைமலை விடியலில் எடுத்து, ஊர் ஊராகப் பெண்களை ஏற்றி வருவான். அதற்குள் அவன் மனைவி பத்திரகாளி சோறு பொங்கிவைத்துவிட்டு, காட்டுப்பாதையாக நடந்து, வெம்பக்கோட்டை ரோட்டில் ஓடைப்பாலத்துப் பக்கம் வந்து நிற்பாள். கடைசி ஆள் அவள்தான். எல்லோரும் வலப்பக்கம் நகர்ந்துகொள்ள, கதவோரம் ஞானசுந்தரிக்குப் பக்கத்தில் அவள் இடம்.

சித்திரையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. பத்திரகாளி போய்விட்டாள். காரியம் முடிந்து சோலைமலை மறுபடி வேனை எடுத்த காலையிலேயே அது தொடங்கியது.

பாலத்துக்கு முன்னால் ரோடு மாட்டின் திமில் போல மேடு தட்டியிருக்கும். அதில் ஏறி இறங்கியதும் வேன் இடப்பக்கம் இழுத்தது, பத்திரகாளி வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்து. சத்தமே இல்லை. உள்ளே இருந்த அத்தனை பேரும் வலப்பக்கம் சாய்ந்தார்கள். ஞானசுந்தரிக்கும் கதவுக்கும் நடுவே சரியாக ஓர் ஆள் உட்காரும் இடம் பிறந்தது. சோலைமலை கண்ணாடியில் அந்த இடத்தைப் பார்த்தான். பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடித்தான்.

தினமும் அப்படித்தான். தூக்குவாளியை அந்த இடத்தில் வைக்கப் பயந்து ஞானசுந்தரி மடியிலேயே வைத்துக்கொண்டாள். அந்த இறக்கத்தில் ரோட்டோரமாகச் சுவரில்லாத கிணறு ஒன்று கிடந்தது. மழையில் கரை சரியச் சரிய, சக்கரத் தடத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் முழத்துக்குமேல் மண் இல்லை.

"வண்டிய மெக்கானிக்குகிட்ட காட்டுங்கண்ணே," என்றாள் ஞானசுந்தரி.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் கெணத்தப் பாத்து ஓடுதாக்கும்?" பின்சீட்டிலிருந்து சுப்புத்தாய் கத்தினாள். "ஒம் பொண்டாட்டி கூப்புட்டா நீ போய்யா. தொணைக்கு எங்கள எதுக்குக் கூட்டிட்டுப் போற?"

யாரும் சிரிக்கவில்லை. இனி இந்த வேனில் ஏறுவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து சொன்ன பிறகே, ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரில் மெக்கானிக் முத்துக்கருப்பனின் பட்டறைக்கு அவன் வண்டியைக் கொண்டுவந்தான். பெண்களும் அங்கே வந்து நின்றார்கள்.

முத்துக்கருப்பன் காலி வேனை மேடு பள்ளமெல்லாம் ஓட்டிப் பார்த்தார். "தேர் மாதிரி போகுது. என்னத்தப் பாக்க?"

"பாத்தீகளா? நாம இருந்தாத்தான் அவ வாரா," என்று முணுமுணுத்தாள் சுப்புத்தாய்.

ஞானசுந்தரி வேனின் கதவைப் பார்த்தாள். வேனை விட்டால் வேலைக்குப் போக வேறு வழியில்லை. ஏறினாலோ அந்தக் கதவோரம். சட்டென்று அவளுக்கு ஒன்று உறைத்தது.

"அண்ணாச்சி, முன்னெல்லாம் மேட்டுல ஏறுனா அடியில டொக்கு டொக்குன்னு இடிக்கும். 'இரும்பும் இரும்பும் இடிச்சாப் பொறி பறக்கும், மருந்து ஒட்டுன துணியோட ஏறுறோம்'னு காளி தெனமும் வையுவா. அவ போனதுலருந்து அந்தச் சத்தத்தையே காணோம்."

முத்துக்கருப்பன் நிமிர்ந்தார். "தேஞ்ச ஜாயிண்டு தானா வாய மூடாது தாயி. எல்லாரும் வண்டியில ஏறுங்க."

ஒருத்தியும் அசையவில்லை. ஞானசுந்தரி முதலில் ஏறினாள், கதவோரத்தை விட்டு. மற்றவர்கள் ஏற ஏற வேன் அமுங்கியது. முத்துக்கருப்பன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியில், தேய்ந்த ஜாயிண்டை ஒட்டி, கட்டுக்கம்பியால் இறுக்கி ஒரு துணிப்பொதி சுற்றியிருந்தது. ஆள் நிறைந்து வண்டி அமுங்கினால் பொதி மேலே வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டது. மேட்டில் குலுங்கும்போது சட்டத்தில் முட்டி, கம்பியை ஒரு பக்கம் தள்ளியது. சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. காலி வண்டியில் அது எட்டாது.

எல்லோரையும் இறக்கிவிட்டு அவர் பொதியை வெட்டி எடுத்தார். விரித்தபோது அது ஒரு சட்டை. கம்பெனியில் சேலைக்கு மேலே பத்திரகாளி போட்டுக்கொள்ளும் மாற்றுச் சட்டை, வெடித்த அன்று வீட்டில் கிடந்தது. சோலைமலையின் பழைய பருத்திச் சட்டை. ஓரத்தில் அவள் கை துடைத்த அடையாளம், ஐந்து விரலும் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடியாக மினுங்கியது. கிரீஸ் கூட அதை அழிக்கவில்லை.

"அவ பயந்தாள்ல, இரும்பு இடிக்குன்னு," என்றான் சோலைமலை. "காரியம் முடிஞ்சதும் அதுக்குத்தான் இதக் கட்டுனேன். மறுநாளே வண்டி அவ நிக்கிற எடத்தப் பாத்துத் திரும்புச்சு. அவுக்க மனசு வரல."

சட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். முத்துக்கருப்பன் புது ஜாயிண்ட் போட்டு முடுக்கினார். "ஆளோட ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோம்," என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பெண்களும் ஏறினார்கள்; ஞானசுந்தரி தன் பழைய கதவோரத்தில் உட்கார்ந்தாள்.

பாலம் வந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வேன் மேட்டில் ஏறி, குலுங்கி, நூல் பிடித்தாற்போல நேராக இறங்கியது. சுப்புத்தாய் குலவை போட்டாள்.

யாரும் சாயவில்லை. ஞானசுந்தரியின் தோள் கதவோடு ஒட்டியிருந்தது. நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை. கண்ணாடியில் சோலைமலையின் கண்கள் அந்த இடத்தைத் தேடுவதை அவள் பார்த்தாள். அவளையறியாமல் வலப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். அதற்குள் சோலைமலை வேனை நிறுத்திவிட்டான்.

அவன் சாவியை முத்துக்கருப்பனின் மடியில் வைத்தான். கீழே இறங்கி, சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பத்திரகாளி வரும் காட்டுப்பாதையில் நடந்து போனான்.